காயாத ஊதா

ஓவியக் கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவரில் ஜெபின் வரைந்த இயேசு இருந்தார். தலைக்குப் பின்னால் வானவில் சுழன்றது. நெற்றியில் மூன்றாவது கண், கையில் அப்பத்துக்குப் பதில் போதைக் காளான். நண்பர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா வந்துவிட்டாள். ஆண்டவர் படம் வரைந்திருக்கிறேன் என்று மட்டும்தான் அவளிடம் போனில் சொல்லியிருந்தான்.

அவள் செருப்பைக் கழற்றினாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கோயில் சுரூபத்தைத் தொடுவதுபோல் படத்தின் பாதங்களைத் தொட்டு, விரல்களை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். பாதங்களில் காலையில் பூசிய ஊதா இன்னும் காயவில்லை. யாரோ செல்போனை உயர்த்தினார்கள்.

“ஐயோ, அழிச்சிப்போட்டனே மக்கா” என்றாள் ஊதா உதடுகளோடு.

“பரவால்லம்மா.”

“ஆண்டவரு கையில என்னல வச்சிருக்காரு?”

நண்பர்கள் அவன் வாயையே பார்த்தார்கள்.

“அப்பந்தாம்மா” என்றான்.

கூடமே வெடித்துச் சிரித்தது. தன் உதட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தாள். ஜெபின் தரையைப் பார்த்தான். அவள் அவன் முழங்கையை மெல்ல இடித்தாள்.

“ஏம்ல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எனக்கொண்ணும் வருத்தமில்ல. நீயும் சிரிச்சிக்க.”