வெள்ளைக்கோடு

ஸ்காபரோ வீட்டின் நிலவறையில், சின்ன யன்னலால் இறங்கும் மங்கல் வெளிச்சத்தில், குலசிங்கம் வாங்கிவந்த முதல் வேட்டைத் துவக்கு மேசைமேல் கிடக்கிறது. பழைய முறைப்படி குழாயின் வாய்வழியே வெடிமருந்து இட்டு இடிப்பது; ஆனால் இந்தக் காலத்தில் புதிதாய்ச் செய்தது. ஊரில் தம்பியைத் துவக்குச் சூட்டில் பறிகொடுத்த மனைவி தயாபரி கடைசிப் படியை விட்டு இறங்காமல் நிற்கிறாள். "உதுக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு எப்பிடித் தெரியும்?" அவர் மருந்தை இடிக்கும் நீண்ட இடிகம்பியைக் குழாய்க்குள் விடுகிறார். அடியில் இரும்பு தட்டும் ஓசை. குழாய்வாய் மட்டத்தில் கம்பியில் வெள்ளைக்கோடு கீறுகிறார். "மருந்தும் ரவையும் கிடந்தால் கோடு வெளியில நிக்கும்." "கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கீறினனீங்களப்பா?" என்றபடி அவள் இறங்கி வருகிறாள். கம்பியை உருவி, தானே மெல்ல விடுகிறாள். கோடு மட்டத்தில் நிற்கிறது. அந்தக் கோட்டை விரலால் தடவுகிறாள். "வீட்டில கிடக்கட்டும். ஆனா ஒவ்வொருநாளும் நான் விட்டுப் பாத்துத்தான் படுப்பன்."