பாலம் நலமாக உள்ளது

"வெக்கப்படாமக் கட்டுங்க தம்பி. பெருநாளைக்கு எடுத்த சாறன்."

நடுங்கிக்கொண்டிருந்தவர் நனைந்த காற்சட்டையைக் களைந்துவிட்டு, கலந்தர் நீட்டிய சாறனை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். சற்று முன்னர்தான் பள்ளவெளிப் பாலத்தின் உடைப்புக்குள் அவருடைய ஜீப் முன்பக்கம் குத்தி விழுந்தது. கலந்தர்தான் வாய்க்காலில் குதித்து அவரை வெளியே இழுத்தார். ஜீப் இன்னும் தண்ணீரில் கிடந்தது.

இப்போது இருவரும் பாலத்தடியில், ஜெமீலின் தேநீர்க் கடையில் இருந்தார்கள்.

"செவப்புச் சீலை கட்டியிரிக்கிறத்தக் காணல்லயா?" என்று கேட்டார் கலந்தர்.

"கண்டன் காக்கா. பாலம் நல்லா இரிக்கி எண்டுதான்..." என்றவர் பாதியில் நிறுத்திப் பிளேன்டியைக் குடித்தார். பெயர் பர்ஹானாம். சவளக்கடையில் ஒரு கலியாணத்துக்குப் போகிறாராம்.

"எங்க நல்லாயிரிக்கி? போன மாரியில உடஞ்சது. அங்கால ஏன்ட வயல் பழுத்து நிக்கி. வெட்டு மெஷின் இதால போகாது. மழை வந்தா எல்லாம் தண்ணிக்குள்ளதான்."

கலந்தர் வானத்தைப் பார்த்தார். கிழக்கே கறுத்திருந்தது.

"இண்டைக்குப் பார்லிமெண்டில பதில் செல்லுறாங்களாம் காக்கா. நம்மட எம்பி கேட்ட கேள்விக்கு." ஜெமீல் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தான்.

"கேட்டுக் கிழிச்சான். அவன் ஒரு நாளாவது இந்தப் பாலத்தால நடந்தானா?"

போன் திரையில் அமைச்சர் எழுந்தார். பொய்யையும் எழுந்து நின்று மரியாதையாகச் சொல்லும் இடம் அது. அவர் சிங்களத்தில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளரின் குரல் தமிழில் தூங்கி வழிந்தது.

"பள்ளவெளிப் பாலம் உடைந்துள்ளதா? இல்லை. எப்போது திருத்தப்படும்? அந்த வினா எழவில்லை. விவசாயிகளுக்கு நட்டமா? அந்த வினாவும் எழவில்லை."

ஜெமீல் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப ஒங்கட ஜீப்பும் விழல்ல தம்பி. நீங்க நனையவுமில்ல."

பர்ஹான் சிரிக்கவில்லை. "சத்தத்தக் கொஞ்சம் குறைங்களேன். தலை இடிக்கி."

"கூட்டு ஜெமீல்!" என்றார் கலந்தர். "நல்லாக் கேக்கட்டும். எல்லாம் ஏசி ரூமுக்க இருந்து எழுதுற கதை. சேத்துல கால் வெச்சிரிப்பானா எழுதினவன்?"

தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. கலந்தரின் முகம் செத்துப்போனது.

அமைச்சர் தாளைப் புரட்டினார்.

"பாலத்தை நேரில் சென்று பரிசோதித்த பொறியியலாளர் திரு. பர்ஹான் அவர்களின் அறிக்கையைச் சபாபீடத்தில் வைக்கிறேன்."

சபையில் மேசைகளைத் தட்டினார்கள். கடையில் மழை கூரைத் தகரத்தைத் தட்டியது. விருந்தாளி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலந்தர் எழுந்தார்.

"சாறனக் கழட்டுடா."