கீர்த்தியின் புரூனோ

காலை பத்து மணி வெயிலில் லோகேஷ் வாசற்படியில் உட்கார்ந்து போனையே வெறித்துக்கொண்டிருக்கிறான். நேற்று செத்துப்போன தெருநாய்க்கு எதிர்வீட்டுக் கீர்த்தி நாய்ப்பிரியர்கள் குழுவில் அஞ்சலி எழுதியிருக்கிறாள்: ‘என் புரூனோ.’ நெய்வதற்காகத் தெருவில் நீட்டிக் கட்டிய பட்டு நூல் பாவின் கீழே அது படுத்திருக்கும் படம். முந்நூறு பேர் துக்கம் சொல்லியிருக்கிறார்கள். அதன் பெயர் கருப்பன். ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து அவன் இறங்கும்போதெல்லாம் தெருமுனையில் காத்திருந்து, அவன் கையால் பொறை ரொட்டி தின்ற நாய். அவனிடம் ஒரு படம்கூட இல்லை. தறியிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறாள்: “இன்னாடா, அந்தப் பொண்ணு நாயப் பத்தி எழுதியிருக்குதாமே?” “அவ நாயாம்மா அது? ஒரு நாளு சோறு வெச்சிருப்பாளா?” “நீ வேலய வுட்டு ஒரு மாசமாவுது. அப்பறம் நீ மட்டும் வெச்சியாக்கும்?” தறிச் சத்தம் மறுபடி தொடங்குகிறது. அவன் கீழே தள்ளிப் படிக்கிறான். ‘கடைசி ஒரு மாதம் புரூனோ சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் விடியற்காலை தெருமுனைக்குப் போய் உட்காரும். கம்பெனி பஸ் போன பிறகுதான் திரும்பும். யாரைத் தேடியதோ.’ ‘என்னைத்தான்’ என்று தட்டுகிறான். அனுப்பினால், அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்பார்கள். இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தான். தட்டியதை அழிக்கிறான். அவனுக்காக அது காத்துக்கிடந்ததைக்கூடக் கீர்த்திதான் பார்த்திருக்கிறாள்.