வெட்டாத இடம்

எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் மனம் நோகாதபடி பழைய தொடர்களை வெட்டிக் காட்டும் புது டி.வி.யைக் கண்டாலே தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலில்தான் ஊர் ஊராக அலைந்து, வெட்டுப்படாத டிவிடிகளாக வாங்கி அலமாரியை நிரப்பியிருந்தார்.

பொங்கலுக்கு மகள் பூங்கோதையும் அவள் கணவன் இளம்பரிதியும் வந்தார்கள். தமக்கு மிகவும் பிடித்த நகைச்சுவைத் தொடரைப் போட்டார் தணிகாசலம்.

"உக்காருங்க மாப்பிள்ள. உங்க வீட்டு டி.வி.ல இந்த சீனே வராது. ஏன் வெட்டுறானுங்கன்னே தெரியல!"

திரையில் ஒரு திக்குவாய்க் குமாஸ்தா முதலாளியிடம் லீவு கேட்கத் திணறினான். அவன் "லீ... லீ..." என்று இழுக்க இழுக்க, பின்னணியில் கூட்டம் சிரித்தது. தணிகாசலமும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். திரும்பியபோது பூங்கோதை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அதிகம் வாய் திறக்காத மாப்பிள்ளைக்கும் திக்குவாய் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பதறிப்போய் ரிமோட்டைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. அழுத்தியதும் குமாஸ்தா வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றான்.

"ப... பரவால்ல மாமா, ஓடட்டும்" என்றான் இளம்பரிதி. "அடுத்து முதலாளி, 'நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள லீவே முடிஞ்சிடும்டா'ன்னு சொல்வாரு."

"முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

"இல்ல மாமா. ஸ்கூல்ல ப... பசங்க தினமும் எங்கிட்ட சொல்வாங்க."

தணிகாசலம் டி.வி.யை அணைக்கப் போய்த் தவறான பொத்தானை அழுத்திவிட்டார். முதலாளி அதையேதான் சொன்னார், ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இந்த முறை டி.வி. மட்டும்தான் சிரித்தது.