கைச்சூடு

பரிசோதனைக் கூடத்துச் சன்னலோரம் சுமைதூக்கி நிற்கிறார். கோழி குஞ்சைப் பொத்துவதுபோல், துண்டில் சுற்றிய டப்பாவை நெஞ்சோடு அணைத்திருக்கிறார். உள்ளே இருப்பது தம்பியின் மலம். குடல் கிருமிகள் அதில் விட்டுப்போகும் பொருள்களைப் பார்த்தால், கணையத்தில் இருப்பது வெறும் வீக்கமா, புற்றா என்று கண்டுகொள்ள உதவுமாம். அது தெரியாமல் கத்தி வைக்கப் பெரிய டாக்டருக்கு மனசில்லை. பின்னால் பெஞ்சில் தம்பி முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடக்கிறான். சுமைதூக்கி துண்டை அவிழ்த்து டப்பாவை நீட்டுகிறார். சன்னலுக்கு உள்ளே அதை வாங்கிய பெண் முகம் சுளிக்கிறாள்.

"என்னங்க, வெதுவெதுன்னு இருக்கு? ஐஸ்ல வெச்சுத்தானே கொண்டு வரச் சொன்னோம்?"

"ஐஸ் கரைஞ்சு தண்ணி உள்ள போயிடுமோன்னு கொட்டிட்டேம்மா. பஸ்ல ஒரே நெரிசல். சிந்தக் கூடாதுன்னு இறுக்கிப் பிடிச்சிருந்தேன்."

"சூடு பட்டா உள்ள இருக்கறதெல்லாம் மாறிடும். இது ஆகாது. வேற எடுத்துட்டு வாங்க."

பெஞ்சிலிருந்து தம்பியின் குரல் வருகிறது. "பச்சத் தண்ணியே வயித்துல தங்கல. இத யார்கிட்டண்ணே கடன் கேக்கறது?" சிரிக்கப் பார்க்கிறான், சிரிப்பு பாதியிலேயே வலியாக மடிகிறது. டப்பா சன்னல் வழியே திரும்பி வருகிறது. குப்பைக்கூடை காலடியிலேயே இருக்கிறது. சுமைதூக்கி டப்பாவை மறுபடி துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்.