மரத்த விரல்கள்

சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போன பிறகுதான் ஞானராஜ் தர்மபுரிக்கு வந்தார். டாக்டர் அவருடைய விரல் நுனியில் ஊசியால் குத்தினார்.

“தெரியுதா?”

“இல்லீங்க.”

“கழுத்தெலும்பு தேஞ்சு நரம்பை அழுத்துது. அதான் வலி தோள்ல இறங்கி, கை மரத்துப்போகுது. சுளுக்கு எடுக்கிறவன்கிட்ட ஏதும் போனீங்களா?”

“போகலீங்க.”

“போயிடாதீங்க. கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பானுங்க. நரம்பு போச்சுன்னா படுத்த படுக்கைதான்.”

ஞானராஜ் தலையாட்டப் பார்த்தார். கழுத்து விடவில்லை.

வெளியே பெஞ்சில் கழுத்து கோணியபடி உட்கார்ந்திருந்த ஜோஸ்பின், அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

“நீங்க இங்கயாண்ணா இருக்கீங்க? காலையில கம்பைநல்லூர்ல உங்க வூட்டுக்குப் போனேன், பூட்டிக் கெடந்துச்சு. அதான் இங்க டோக்கன் போட்டேன். எங்கம்மாவுக்கு எடுத்த மாதிரி, இந்தச் சுளுக்கையும் ஒரே முறிப்புல எடுத்துவுடுங்க.”

அவள் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். இருபது வருடப் பழக்கத்தில் அவர் கை தானாகப் போய்ப் பிடித்தது. பிடித்தது கழுத்தா துணியா என்று விரலுக்குத் தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

“டாக்டரையே பாரும்மா.”

“ஏண்ணா, அவ்ளோ மோசமா இருக்குதா கழுத்து?”

“கழுத்து இல்லம்மா, கை.”