கடைசித் துளை

இயக்கப் பொடியன் பரிதி உள்ளே வந்து, பட்டறைக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டான். நகை செய்யும் பத்தர் அழகரத்தினத்தின் கையிலிருந்த குறடு நழுவித் தரையில் விழுந்தது.

போன கிழமை இரண்டு பேர் வந்து மகள் புஸ்பத்தின் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியவன் இவன்தான். இயக்கத்துக்கு ஊருக்குப் பத்துப் பெண்பிள்ளைகள் வேணும், வாற புதன்கிழமை ஏற்ற வண்டி வரும் என்று சொன்னவனும் இவன்தான். இன்று தனியே வந்திருந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம்கூடக் கேட்கவில்லை.

“என்ன வேலை நடக்குது?”

“சும்மா... ஒரு சின்ன வேலை தம்பி.”

பரிதி குனிந்து பார்த்தான். மரக்கட்டையில் இறுக்கிய இரும்புத் தகடு, அதில் பெரிதிலிருந்து சிறிதாகப் பன்னிரண்டு துளைகள். பதினோராவது துளையைத் தாண்டிவிட்ட பொன்கம்பி பக்கத்தில் சுருண்டு கிடந்தது. இதையெல்லாம் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு எந்தப் பத்தராலும் பொய் சொல்ல முடியாது.

“தாலிக்கொடியா?”

“ஓம் தம்பி. நாளைக்குக் காலம்பற மகளுக்குக் கலியாணம். அக்காட மகன்தான் மாப்பிள்ளை.”

கலியாணம் முடித்த பிள்ளைகளை எடுப்பதில்லை என்று ஒரு பேச்சு. அதை நம்பிப் போன தடவை மஞ்சள் கயிறு கட்டிய மூன்று பெண்களையும் ‘நாடகம்’ என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொன்னில் கொடி கிடந்தால்தான் கலியாணமாம். அழகரத்தினம் மனைவியின் தோட்டையும் மூக்குத்தியையும் உருக்கிப் பார்த்தார். அரைப் பவுண்தான் தேறியது. நூலாக இழுத்தால்தான் அது ஒரு கொடிக்குக் காணும்.

“மறுகா ஏன் நிப்பாட்டினீங்க?”

“கடைசித் துளையில கம்பி அறுகுது தம்பி. ரெண்டு தரம் அறுந்திட்டு. சவுக்காரம் பூசித்தான் இழுக்கிற. கொண்டுவந்த கட்டியைத் துறையில ஆமிக்காரன் பறிச்சிட்டான்.”

துணி துவைக்கிற சவுக்காரத்தை வைத்து என்ன யுத்தம் செய்யலாமோ, தெரியவில்லை. வாவிக்கு இந்தப் பக்கம், இயக்கத்தின் இடத்துக்குள், அது வரக் கூடாதாம். தேன்மெழுகு கொண்டுவந்து தருகிறவர்களும் காட்டுக்குப் போவதை விட்டுவிட்டார்கள். தேங்காயெண்ணெய் பெரிய துளைகளுக்குச் சரி, இந்த நுணுக்கத்துக்கு நிற்காமல் வழிந்துவிடுகிறது. காய்ந்த கம்பி இரும்பைக் கவ்விக்கொண்டு அறுகிறது. மூன்றாம் தரமும் அறுந்தால் மறுபடி உருக்கி முதல் துளையிலிருந்து இழுத்து வர நேரமில்லை.

பரிதி இடுப்புக்குள் கையை விட்டான். அழகரத்தினம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்க. இதைப் பூசிப் பாருங்க.”

அவன் உள்ளங்கையில் ஒரு சின்னத் தகரப் பேணி இருந்தது. உள்ளே துவக்குக் குழலுக்குப் பூசுகிற கிறீஸ், கறுத்துப்போய் நாறியது.

“தாலிக்கா தம்பி?”

“பூசுங்க.”

இது உதவியா பரிகாசமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இழுத்து முடிக்கட்டும், முழுசாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறானோ? ஆனாலும் பூசினார். நுனியைக் கடைசித் துளையில் கொடுத்து, குறட்டால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார்.

கம்பி முரண்டு பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தது, வந்துகொண்டே இருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தார், ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பயத்துக்குள்ளும் அவருக்குச் சந்தோசமாக இருந்தது; தொழில் புத்தி அப்படி.

பரிதி கம்பியை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

“இவ்வளவும் அரைப் பவுணா?”

“ஓம்.”

“இதில கொடி பின்னினா, பாக்கிறவன் பொய்க் கலியாணம் எண்டு சொல்லுவானா?”

“சொல்ல ஏலாது தம்பி.”

“கொடி பின்ன எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ராவிருந்து செஞ்சா விடியக்குள்ள முடியும்.”

“இந்த வேலை நடக்கிறது வேற ஆருக்கும் தெரியுமா?”

ஏன் இத்தனை கேள்வி? கொப்பியில் இன்னும் எதையோ எழுதத்தான் கேட்கிறான் என்று அழகரத்தினத்துக்குத் தோன்றியது. அவன் காலடியில் குந்திவிட்டார்.

“கம்பியைக் கொண்டு போ தம்பி. என்னையும் கொண்டு போ, பங்கர் வெட்டுறன். புள்ளைய மட்டும் விட்டுடு. அவளுக்கு இருட்டெண்டாலே பயம்.”

பரிதி கதவிடுக்கால் ஒழுங்கையை எட்டிப் பார்த்தான். ஆளில்லை என்று கண்ட பிறகும் குரலைத் தணித்தான்.

“நான் இஞ்ச வந்தது ஒருத்தருக்கும் தெரியப்படாது. தெரிஞ்சா உங்களை விடமாட்டாங்க.”

“வராது தம்பி, என்ட வாயால ஒரு சொல் வராது.”

பரிதி குனிந்து அவரைத் தோளில் பிடித்துத் தூக்கினான். கம்பியை அவர் கையிலேயே திரும்ப வைத்தான்.

“செவ்வாய்க்குள்ள என்ட தங்கச்சிக்கும் ஒரு கொடி வேணும், அண்ணன்.”